ஃபாட்டா மோர்கனாவின் முன்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என்னைச் சுற்றி விஷுவல் நாவல் படிக்கிற கூட்டம் ஒன்று மெல்லச் சேர்ந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், முக்கூடலிலிருந்தும் அம்பையிலிருந்தும் போனில் பேசுகிறவர்கள் என்று பல பேர். 'தி ஹவுஸ் இன் ஃபாட்டா மோர்கனா' என்ற விஷுவல் நாவலுக்கு 'எ ரெக்வியம் ஃபார் இன்னசென்ஸ்' என்று ஒரு முன்கதை உண்டு. அதைப் பற்றி அவர்கள் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நடுவில் ஓர் எச்சரிக்கை வரும். மூலக்கதையை இன்னும் முடிக்காதவர்கள் அந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.

"விஷுவல் நாவல்னா என்னது அண்ணாச்சி? கேமா, புக்கா?"

படிக்கிற கேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஓர் இடத்தின் படம் இருக்கும். அதன் மேல் கதையில் வருகிறவர்கள் நிற்பார்கள். அவர்கள் பேசுவது எழுத்தாக ஓடும், பின்னால் இசை இருக்கும். ஒரு தட்டு தட்டினால் அடுத்த வரி வரும். ஓடவோ சுடவோ புள்ளி சேர்க்கவோ எதுவும் கிடையாது. சில இடங்களில் மட்டும் 'இதைச் செய்கிறாயா, அதைச் செய்கிறாயா' என்று கேட்கும். அதைப் பொறுத்து கதை முடிகிற விதம் மாறலாம்.

"நீங்க சொல்லுத கதை எது? பேரே வாயில நுழைய மாட்டேங்கு."

மூலக்கதையின் பெயர் 'தி ஹவுஸ் இன் ஃபாட்டா மோர்கனா'. ஜப்பானில் நோவெக்டகிள் என்ற சின்னக் குழு 2012 டிசம்பர் கடைசியில் வெளியிட்டது. எழுதியவர் கெய்கா ஹனாடா, படங்கள் மொயாதாரோ. ஆங்கிலத்தில் 2016-ல் மங்காகேமர் என்ற வெளியீட்டாளர் மூலமாக வந்தது. நினைவெல்லாம் போன ஒருவர் பாழடைந்த மாளிகையில் கண் விழிக்கிறார். அந்த ஒருவர் 'நீங்கள்'தான். அங்கே இருக்கும் பணிப்பெண் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டுகிறாள். முதல் கதவுக்குள் 1603, அடுத்து 1707, அடுத்து 1869, பிறகு சட்டென்று பின்னால் போய் 1099. ஒவ்வொரு காலத்திலும் அந்த மாளிகையில் குடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்கிறார்கள். எல்லாக் கதவுக்குள்ளும் வெள்ளை முடியுள்ள பெண் ஒருத்தி வருகிறாள். மாளிகையில் ஒரு சூனியக்காரி குடியிருப்பதாகவும் பேச்சு. அவள் பெயர்தான் மோர்கனா.

'எ ரெக்வியம் ஃபார் இன்னசென்ஸ்' இதற்கெல்லாம் முந்தைய கதை. ஆங்கிலத்தில் 2018-ல் வந்தது. மோர்கனா சூனியக்காரி என்று பெயர் வாங்குவதற்கு முன்னால் அவளுக்கும் யாக்கோபோ என்பவனுக்கும் இடையில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது.

"முன்கதைதானே முதல்ல நடக்கு? அப்போ அதையே முதல்ல படிச்சா என்ன?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் அடித்துச் சொல்கிற விஷயம் இது ஒன்றுதான். காலக்கணக்கில் முந்தி நடந்தாலும், படிக்கும் வரிசையில் இது இரண்டாவது. முன்கதையை முதலில் படித்தால் மூலக்கதை பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெரிய ரகசியங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே உடைந்துபோகும்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. மூலக்கதையைப் படிக்காமல் போனால் யாக்கோபோ உங்களுக்கு யாரோ ஒரு சேரிப் பையன். படித்துவிட்டுப் போனால் அவன் வாயைத் திறந்தாலே உங்களுக்குப் பதறும். முன்கதை அந்தப் பதற்றத்தை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆகும்? பரீட்சை வருது."

மூலக்கதை பெரியது. நிதானமாகப் படித்தால் முப்பது மணி நேரம் பிடிக்கலாம். முன்கதை அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பரீட்சை இருந்தால் முடித்துவிட்டே தொடங்குங்கள். பாதியில் வைத்துவிட்டுப் பாடம் படிக்க மனசு வராது.

"என் இங்கிலீஷ் சுமார்தான். தாங்குமா?"

இரண்டுமே தமிழில் இல்லை. ஆங்கில நடை கொஞ்சம் பழங்காலச் சாயலோடு இருக்கும். பணிப்பெண் பேசும்போது வாக்கியங்கள் நீளும். ஆனால் ஒரு நாவலை விட இதில் தாங்கிப்பிடிக்க நிறைய இருக்கிறது. பேசுகிறவர் முகம் தெரியும், இசை மாறும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வரிதான் வரும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் எங்கள் கூட்டத்தில் இதை முடித்திருக்கிறார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். முன்னால் போன வரிகளை மறுபடி பார்க்க ஒரு வசதி இருக்கும். மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் போதும். புரியாத வரியில் உடனே அகராதியைத் தேடாமல், அந்தக் காட்சியை முடித்துவிட்டு மேலே உருட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் தானாகவே பிடிபட்டுவிடும்.

"பழைய லேப்டாப்தான் இருக்கு. ஓடுமா? எங்க வாங்க? ஒருத்தன் பென் டிரைவ்ல தாரேங்கான்."

படமும் எழுத்தும் இசையும்தான் என்பதால் சாதாரண லேப்டாப்பே போதும். கணினிக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையில் மூலக்கதையும் முன்கதையும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. தள்ளுபடிக் காலத்தில் விலை நன்றாக இறங்கும், அப்போது வாங்குங்கள். ஸ்விட்ச் அல்லது பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு 2021-ல் வந்த 'ட்ரீம்ஸ் ஆஃப் தி ரெவனன்ட்ஸ்' பதிப்பு இருக்கிறது. அதில் மூலக்கதை, முன்கதை, பிற்காலத்துக் கதை, சில சிறுகதைகள் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன.

பென் டிரைவ் வேண்டாம். பெரிய நிறுவனம் செய்த பொருள் இல்லை இது. ஒரு சின்னக் குழு தங்கள் கைக்காசையும் உழைப்பையும் போட்டுச் செய்தது. காசு இல்லை என்றால் தள்ளுபடி வரை பொறுத்திருக்கலாம். எங்கள் கூட்டத்தில் அப்படிக் காத்திருந்து வாங்கியவர்கள்தான் அதிகம்.

"முதல் ரெண்டு கதவு பாத்துட்டேன். ஒட்டவே மாட்டேங்கு. விட்டுரவா?"

விடாதீர்கள். முதல் கதவு, ரோஜாத் தோட்டத்துப் பணக்காரக் குடும்பத்தின் கதை. மெதுவாகப் போகும். இரண்டாவதில் ரத்தம் அதிகம். மூன்றாவதில் பேச்சு அதிகம். மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத கதைகள் மாதிரித்தான் தெரியும். நான்காவது கதவைத் தாண்டிய பிறகுதான் இதுவரை பார்த்தது எல்லாமே வேறு அர்த்தம் கொள்ளத் தொடங்கும். மூன்றாவது கதவை மட்டும் கவனமாகப் படியுங்கள். முன்கதைக்கு அதுதான் கைச்சரக்கு.

"என் தங்கச்சி பத்தாவது படிக்கா. அவளுக்குக் குடுக்கலாமா?"

கூடாது. கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை எல்லாம் மூலக்கதையில் இருக்கின்றன. ஒருவருடைய உடலைக் காரணமாக வைத்து வீட்டார் செய்கிற கொடுமையும் உண்டு. முன்கதை ஏழைகளும் விலைமாதரும் வாழ்கிற சேரியில் நடப்பது. காட்சியாகக் காட்டுவது குறைவுதான், ஆனால் எழுத்து எதையும் மழுப்பாது. பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் இதைத் தள்ளி வையுங்கள். கதை எங்கேயும் போகாது.

*இதற்குக் கீழே மூலக்கதையின் ரகசியங்கள் வெளிப்படையாகப் பேசப்படும்.*

"முடிவுதான் தெரியும்லா. அப்புறம் எதுக்கு மறுபடியும் உக்காந்து அழணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. மூலக்கதையிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. மோர்கனாவின் ரத்தம் நோயைத் தீர்க்கும் என்று நம்பி ஊர் அவளை வதைத்தது. அவள் கோபுரத்தில் அடைக்கப்பட்டாள். தன்னைக் கைவிட்ட மூன்று ஆண்களைச் சபித்துவிட்டுச் செத்தாள். மூன்றாமவன் யாக்கோபோ. அவளை அடைத்த பிரபு அவன்தான். முன்கதை இதில் ஒன்றையும் மாற்றப்போவதில்லை. அப்படியானால் என்ன இருக்கிறது?

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். பிராமணப் பையன் பட்டன், செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் செய்கிறான். கல்யாண இரவிலேயே மாடுகளைக் கள்ளர் ஓட்டிப்போன செய்தி வருகிறது. மீட்கப் போன இடத்தில் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். கேட்கிற கூட்டத்தில் இந்த முடிவு தெரியாத ஆள் ஒருவர்கூட இருக்கமாட்டார். அம்பை பக்கத்து ஊரில் ஒரு கொடையில் நான் பார்த்தது இது. நடுச்சாமம் தாண்டிவிட்டது, பந்தலில் பிள்ளைகள் மணலிலேயே தூங்கிவிட்டார்கள். புலவர் வீசுகோலை நாணில் நிதானமாக இறக்கி, பட்டன் கல்யாணப் பந்தலை விட்டுக் கிளம்புகிற இடத்துக்கு வருகிறார். எனக்கு முன்னால் இருந்த ஆச்சி, வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "போவாதய்யா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பட்டனிடம்தான் சொன்னார். சிறு வயதிலிருந்து எத்தனை கொடை கேட்டிருப்பார்! காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றைக்கும் சனங்கள் புதுச் செருப்பு வாங்கிக் காணிக்கை போடுகிறார்கள்.

என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், கவனம் முழுக்க எப்படி நடந்தது என்பதன் மேல் போய்விடுகிறது. யாக்கோபோ மோர்கனாவிடம் ஒரு சாதாரண நாளில் ஒரு சாதாரண வார்த்தை சொல்கிறான். முடிவு தெரியாதவனுக்கு அது கடந்துபோகிற வரி. கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த வரியைத் தாண்டிப்போகக் கை வராது. விஷுவல் நாவலில் நீங்கள் தட்டினால்தான் அடுத்த வரி வரும். அடுத்த வரி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தட்டுகிற அந்த அனுபவம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை.

"யாக்கோபோ நல்லவனா கெட்டவனா? ஒரு முடிவா சொல்லுங்க."

சேரியில் வாழ்ந்தவன். அந்த நிலத்தை ஆளும் பார்னியே பிரபுவின் கொடுமையைக் கண் முன்னால் பார்த்தவன். அவன் கோபத்தில் தப்பில்லை. கிளர்ச்சி செய்து பிரபுவை வீழ்த்துகிறான், அதுவும் நியாயம்தான். அப்புறம் தானே பிரபுவாகிறான். மோர்கனாவைக் கோபுரத்தில் அடைக்கிறான். இந்தக் கடைசி வரிக்கு முன்னால் இருந்த எதுவும் அந்த வரியை அழித்துவிடாது.

முன்கதை செய்கிற நல்ல காரியம், அவனிடம் இருக்கிற ஒரே குறையைத் துல்லியமாகக் காட்டுவது. அவனுக்கு அன்பு இருக்கிறது, அதைச் சொல்ல வாய் வராது. ஒரு நல்லது செய்தால் அதை மூடி மறைக்க ஒரு கடுஞ்சொல்லும் சேர்த்துச் சொல்வான். இப்போது மூன்றாவது கதவுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே 1869-ல் ரயில்வேயில் பணம் பார்த்த தொழிலதிபர் யாக்கோபோ, மனைவியிடம் இரண்டு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரியாமல், அவளை ஒரு மூலையில் காக்க வைத்தே குடும்பத்தை நாசமாக்குகிறான். நூற்றாண்டுகள் கடந்து மறுபடி பிறந்தும் அதே குறை. மூலக்கதையில் அது ஒரு கணவனின் திமிர் மாதிரித் தெரிந்தது. முன்கதைக்குப் பிறகு அது எங்கே முளைத்தது என்று தெரிகிறது. நம் வீடுகளில் இப்படி எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பார்கள், காலையில் "மழையில எதுக்குல போன" என்று திட்ட மட்டும்தான் தெரியும். அவர்களில் ஒருவன் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

"அப்போ அவன் செஞ்சதை மன்னிச்சிரச் சொல்லுதாங்களா?"

இல்லை. மன்னிக்கிற உரிமை மோர்கனாவுக்கு மட்டும்தான் உண்டு, படிக்கிற நமக்குக் கிடையாது. மூலக்கதை இதில் ரொம்பக் கறாராக இருக்கிறது, முன்கதையும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

அவனுக்கு இளமையில் கஷ்டம் இருந்தது என்று காட்டியதாலேயே குற்றத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. யாரோ ஒரு கொடும்பிரபு ஒரு பெண்ணை அடைத்தான் என்றால் அது கொடுமை. அவள் பட்ட கஷ்டம் இன்னதென்று தெரிந்தவன், அவளோடு ஒரே சேரியில் கிடந்தவன் அடைத்தான் என்றால் அது அதைவிடப் பெரிய கொடுமை. முன்கதையைப் படித்தபிறகு யாக்கோபோவின் குற்றம் என் கணக்கில் கூடித்தான் இருக்கிறது. அவன் மேல் இரக்கமும் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கூடுவது எப்படி என்றால், மனுஷர்கள் விஷயத்தில் அது தினமும் நடப்பதுதான்.

"மோர்கனா மூலக்கதையில பயமா இருந்தா. இதுல வேற ஆள் மாதிரி இருக்காளே?"

ஊர் அவளை முதலில் புனிதப் பெண் என்றது, பிற்காலத்தில் சூனியக்காரி என்றது. இரண்டு பட்டத்துக்கும் நடுவில் அவள் வெறும் சிறுபெண்ணாக இருந்த நாட்கள்தான் முன்கதை. அதனால்தான் வேறு ஆள் மாதிரி இருக்கிறாள். பிடிவாதம் இருக்கிறது, கூர்மையான வாய் இருக்கிறது, யாக்கோபோவுக்குச் சரிக்குச் சரி பேசுகிறாள்.

புனிதப் பெண் என்ற பட்டம்தான் அவளுக்கு நடந்த முதல் கொடுமை என்பதைக் கவனியுங்கள். அவள் ரத்தம் மருந்து என்று நம்பிய பிறகு அவளுக்கு வலிக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. கும்பிட்டவர்களும் கத்தி வைத்தவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. சேரியில் அவளைக் கும்பிட யாரும் இல்லை. அதனாலேயே அங்கே மூச்சுவிடுகிறாள். மூலக்கதையில் அவள் குரலில் கேட்ட வெறுப்பு எவ்வளவு பெரியது என்பது, அவள் இழந்தது இன்னதென்று பார்த்த பிறகுதான் உறைத்தது.

"மரியா மேல எனக்குக் கோவம் தீரல. இதைப் படிச்சா தீருமா?"

தீராது, கொஞ்சம் இடம் மாறும். மரியா மூன்றாவது கதவில் யாக்கோபோவின் வீட்டில் இருந்தவள். அந்தக் குடும்பம் கெட்டதில் அவள் பங்கு சின்னதில்லை. முன்கதை அவளுக்கும் ஒரு பழைய வாழ்க்கையைக் கொடுக்கிறது. யாக்கோபோவுக்குச் சொன்ன பதிலேதான் இவளுக்கும்.

"இது முன்ஜென்மப் பாவம்தானே? நம்ம ஊர்ல சொல்லுத அதே கதைதானே?"

மறுபிறவி இருக்கிறது, கணக்குப்பிள்ளை இல்லை. மேலே யாரோ ஏடு வைத்துக்கொண்டு பாவ புண்ணியம் எழுதித் தண்டனை கொடுக்கவில்லை. வதைபட்ட ஒருத்தி சபித்தாள். அந்தச் சாபம் மூன்று ஆண்களையும் பிறவி பிறவியாக அதே மாளிகைக்கு இழுத்து வருகிறது. அவளும் அங்கேயே கிடக்கிறாள், அவளுக்கும் விடுதலை இல்லை.

முன்ஜென்மக் கணக்கு பேசும்போது நாம் ஒரு பெரிய அநியாயம் செய்துவிடுகிறோம். 'அவ போன ஜென்மத்துல என்ன பண்ணுனாளோ' என்று, கஷ்டப்படுகிறவள் மேலேயே பழியைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். இந்தக் கதை அதற்கு இடமே கொடுக்கவில்லை. மோர்கனாவுக்கு நடந்ததற்குக் காரணம் அவளுடைய எந்தப் பழைய பிறவியும் இல்லை. அவளைச் சுற்றி இருந்த மனுஷர்கள்தான். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது. முன்கதை அவர்களில் ஒருவனை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக விசாரிக்கிறது.

"எல்லா முன்கதையும் இப்படி நல்லா இருக்குமா?"

இருக்காது. மூலக்கதையை நாசமாக்குகிற முன்கதைகளும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி ஜப்பான் வரை போக வேண்டாம். மேலே சொன்ன முத்துப்பட்டன் கதைக்கே பிற்காலத்தில் ஒரு பிறப்புக் கதையைச் சேர்த்தார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டும்தான் என்று. பட்டன் சாதியைத் தாண்டிப் போனான் என்பதைப் பொறுக்க முடியாதவர்கள் செய்த வேலை. அந்த ஒரு சேர்க்கை உள்ளே வந்ததும் பட்டன் வாலப்பகடை கேட்டபடி குடுமியை அறுத்ததற்கும் பூணூலைக் கழற்றியதற்கும் செருப்புத் தைத்ததற்கும் மதிப்பே இல்லாமல் போகிறது.

மோசமான முன்கதை இப்படித்தான் வேலை செய்யும். நம்மைத் தொந்தரவு செய்த விஷயத்தை 'அது அப்படி இல்லை, வேறு காரணம் இருந்தது' என்று துடைத்துவிடும். ஃபாட்டா மோர்கனாவின் முன்கதை எதையும் துடைக்கவில்லை. யாக்கோபோ யாருடைய மந்திரத்திலும் மயங்கி அதைச் செய்யவில்லை. அவனேதான் செய்தான்.

"அழவைக்கணும்னே எழுதின மாதிரி இருக்கே?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறுமனே அழவைக்க நினைப்பவர்கள் முதல் காட்சியிலேயே சோக இசையைப் போட்டுவிடுவார்கள். இங்கே சேரி வாழ்க்கையின் சாதாரண நாட்களுக்குத்தான் அதிக இடம். சாப்பாடு, சண்டை, கிண்டல் எல்லாம் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. மூலக்கதையில் கதவுக்குள் கதவாக இருந்த அடுக்குகள் இதில் கிடையாது. நேர்கோட்டில் போகிற கதை. திருப்பங்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டு ஆட்களின் மனசை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வருகிறவர்களுக்கு இது போதும்.

"ரீஇன்கார்னேஷன்னு ஒண்ணு இருக்காமே. அதையும் படிக்கணுமா?"

முன்பு சொன்ன 2021 பதிப்பில் அது இருக்கிறது. இந்தக் காலத்தில் நடக்கிற தொடர்ச்சி. மூலக்கதை, முன்கதை, அப்புறம் இது என்ற வரிசையில் படியுங்கள். கட்டாயம் இல்லை. முன்கதை முடிந்ததும் மனசு ரொம்பக் கனத்துப்போனவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பதுண்டு.

"தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணு நாமளே செய்ய முடியுமா?"

முடியும். ரென்பை என்ற இலவச மென்பொருள் 2004-லிருந்து இருக்கிறது, டாம் ரோதமெல் தொடங்கியது. பைத்தான் மொழியில் அமைந்தது, ஆனால் புரோகிராமிங் தெரியாதவர்களும் தொடங்கலாம். யார் பேசுகிறார், என்ன பேசுகிறார், எந்தப் படம் வரவேண்டும் என்று நாடகம் எழுதுவது போல வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பதிப்புகளில் நம் எழுத்துகள் உடையும். 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2023-ல் வந்த 8.1 பதிப்பிலிருந்து எழுத்தைச் சேர்த்துக் காட்டும் முறையை மாற்றிவிட்டார்கள். அதனால் புதிய பதிப்பையே இறக்குங்கள். தமிழ் யூனிகோட் எழுத்துரு ஒன்றைக் கோப்புறையில் போட்டு அதன் பெயரைக் கொடுங்கள். தொடங்கும் முன் 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் சரியாக வருகிறதா என்று ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள். தமிழ் வார்த்தைகள் நீளம் என்பதால் எழுத்துப் பெட்டியையும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"சரி, நம்ம ஊர்க் கதைக்கே ஒரு முன்கதை எழுதணும்னா எங்க இருந்து தொடங்க?"

மூலக்கதையில் யார் ஒரு காரியம் செய்துவிட்டு, ஏன் செய்தார் என்று சொல்லாமல் போகிறாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். புது வில்லனைக் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே நடந்ததை மாற்றாதீர்கள். ஹனாடா செய்திருப்பதும் அதைத்தான். மூலக்கதையில் எல்லாரும் வெறுத்த மூன்றாமவனை எடுத்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால் நான் வாலப்பகடையைச் சொல்வேன். பெண் கேட்டு வந்த பட்டனை அவர் உடனே நம்பவில்லை. குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்பைத் தை, அப்புறம் பார்ப்போம் என்கிறார். வில்லுப்பாட்டில் அது ஒரு சோதனையாக வந்து போய்விடும். இவ்வளவையும் கேட்கிற ஒரு தகப்பன், அதற்கு முன்னால் யார் யார் கொடுத்த வாக்கை நம்பி ஏமாந்திருப்பார், எத்தனை வாசலில் கைகட்டி நின்றிருப்பார், மகள்களை வைத்துக்கொண்டு ராத்திரியில் எதற்கெல்லாம் பயந்திருப்பார்? அதை எழுதலாம். பட்டன் அவர் குடிசை வாசலுக்கு வந்து நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நடப்பதைப் புலவர்கள் பாடிக்கொள்வார்கள்.